கோபுரம் தெரிகிறது, இணையம் எட்டவில்லை: வன்னியை முன்வைத்து ஓர் அகலப்பட்டைக் கணக்கு

2022 ஓகஸ்ட் மாதத்தில் இலங்கையில் எரிபொருள் நிலையத்தில் பெற்றோல் அடிப்பதற்குக் கியூஆர் குறியீடு கட்டாயமாகியது. அந்தக் குறியீட்டைப் பெறுவதற்கு இணையத்தில் பதிய வேண்டியிருந்தது. பல்கலைக்கழக அனுமதிக்கான விண்ணப்பமும் பரீட்சைப் பெறுபேறும் அதற்கு முன்பே இணையத்துக்குப் போய்விட்டன. அரச நிறுவனங்களுக்குச் செலுத்த வேண்டிய கட்டணங்களை இணையவழியில் செலுத்தும் 'கவ்பே' முறை 2025 பெப்ரவரியில் தொடங்கியது. இவ்வாறு அரசாங்கத்தின் வாசல்கள் ஒவ்வொன்றாகத் திரைக்குள் நகர்ந்துகொண்டிருக்கையில், தொலைபேசி நிறுவனங்களின் விளம்பரங்களோ நாடு முழுவதும் 4ஜி பரந்துவிட்டதாகச் சொல்கின்றன. 2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் செய்மதிச் சேவையும் வந்து சேர்ந்தது.

அப்படியானால் வடக்கே வன்னியில், ஒட்டுசுட்டானுக்கு உள்ளேயோ துணுக்காய்ப் பக்கத்திலோ உள்ள ஒரு பிள்ளை தன் ஒப்படையை அனுப்புவதற்கு மாலையில் குளக்கட்டில் ஏறி நிற்க வேண்டியிருப்பது ஏன் என்ற கேள்வி எழுவது இயல்பு. விளம்பரமும் பொய் இல்லை, குளக்கட்டும் பொய் இல்லை. இரண்டும் ஒரே நேரத்தில் எவ்வாறு உண்மையாகின்றன என்பதையும், அதைத் திருத்தப் பொதுக் கொள்கையினால் எது முடியும், எது முடியாது என்பதையும் இங்கு அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

மூன்று சொற்கள்

அகலப்பட்டை அல்லது புரோட்பேண்ட் என்பது எப்போதும் இணைப்பிலேயே இருக்கும், படமும் ஒலியும் தடையின்றிச் செல்லக்கூடிய வேகமுள்ள இணையச் சேவையைக் குறிக்கும். வீட்டுக்குள் வரும் ஒளியிழை (ஃபைபர்) இணைப்பும் அகலப்பட்டைதான். கைத்தொலைபேசியின் 4ஜி தரவும் அகலப்பட்டைதான். ஆயினும் இரண்டும் ஒன்றல்ல. முன்னையதில் ஒரு வீட்டுக்கெனத் தனிப் பாதை உண்டு. பின்னையதில் ஒரு கோபுரத்தின் கொள்ளளவை அயலார் எல்லோரும் பகிர்ந்துகொள்கிறார்கள்.

'சகலருக்குமான சேவை' என்பது ஒவ்வொரு வீட்டுக்கும் இணைப்புக் கிடைப்பது. 'சகலருக்குமான அணுகல்' என்பது நடந்து போகும் தூரத்தில் ஒரு பொது இடத்திலாவது இணைப்பு இருப்பது. 2005 அளவில் தொடங்கிய நெனசல என்ற பொதுக் கணினி, இணைய நிலையங்கள் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. கொள்கை ஆவணங்களில் இவ்விரு சொற்களும் அடிக்கடி இடம் மாறிப் பயன்படுத்தப்படுவதால், இரண்டாவதைக் கொடுத்துவிட்டு முதலாவதைக் கொடுத்ததாகக் கணக்குக் காட்டுவது எளிதாகிவிடுகிறது.

'கட்டுப்படியான விலை' என்ற மூன்றாவது சொல்லைப் பின்னர் பார்ப்போம். வன்னியைப் பொறுத்தவரை அதிகம் ஏமாற்றுவது அந்தச் சொல்தான்.

பரவல் சதவீதம் எதை எண்ணுகிறது

ஒரு நிறுவனம் தனது 4ஜி சேவை 90 சதவீதத்துக்கும் மேல் பரவியிருப்பதாகக் கூறும்போது, அது பெரும்பாலும் மக்கள்தொகைப் பரவலையே குறிக்கிறது. அதாவது மக்கள் வசிக்கும் இடங்களில் சிக்னல் எட்டுகிறதா என்பதே அங்கு எண்ணப்படுகிறது, நிலப்பரப்பு எண்ணப்படுவதில்லை. மேல் மாகாணத்தில் சில நூறு கோபுரங்களைக் கட்டினாலே நாட்டு மக்களில் கால்வாசிக்கும் மேற்பட்டோர் கணக்கில் வந்துவிடுவார்கள். முல்லைத்தீவு மாவட்டத்தை முழுமையாக விட்டுவிட்டாலும் தேசிய சதவீதத்தில் அரைப் புள்ளி கூடக் குறையாது; 2012 குடிசன மதிப்பீட்டின்படி அம்மாவட்டத்தின் மக்கள் ஏறத்தாழ 92,000 பேர், நாட்டின் மொத்த மக்கள் 2 கோடிக்கும் மேல்.

இந்த எண்ணும் முறையில் இன்னொரு விடுபடலும் உண்டு. வன்னியில் தொழில் நடக்கும் இடம் பெரும்பாலும் வீடு அல்ல. காலபோக நெல் கதிர் முற்றும் நாட்களில் கமக்காரர் இரவு முழுவதும் வயலோரக் காவல் கொட்டிலில் இருப்பார். கையில் ஒரு டோர்ச், பக்கத்தில் யானை வெடி, சட்டைப் பையில் தொலைபேசி. காட்டோரம் யானை வந்துவிட்டதென்று அடுத்த கொட்டிலில் இருப்பவருக்குச் சொல்ல வேண்டிய இடமும் நேரமும் அவையே. ஆனால் அந்தக் கொட்டில் எந்த மக்கள்தொகைப் பரவல் கணக்கிலும் வருவதில்லை, ஏனெனில் அங்கு யாரும் 'வசிப்பதில்லை'. நாச்சிக்குடாவிலிருந்தும் கொக்கிளாயிலிருந்தும் கடலுக்குப் போகும் தொழிலாளர்களுக்கும் இதே நிலைதான்.

ஒரு கோபுரத்தின் கணக்கு

நிறுவனங்கள் வர மறுப்பதை அலட்சியம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. ஒரு கோபுரம் 5 கிலோமீற்றர் ஆரத்துக்குச் சேவை தருகிறது என்று வைத்துக்கொண்டால், அது மூடும் பரப்பு ஏறத்தாழ 78 சதுர கிலோமீற்றர். முல்லைத்தீவு மாவட்டத்தின் பரப்பளவு சுமார் 2,600 சதுர கிலோமீற்றர். 2012 கணக்கின்படி சதுர கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 35 பேர். ஆகவே அந்தக் கோபுரத்தின் கீழ் வருவோர் சராசரியாக 2,750 பேர், அதாவது ஏறத்தாழ 700 குடும்பங்கள். கொழும்பு மாவட்டத்தில் சதுர கிலோமீற்றருக்கு 3,400 பேருக்கும் மேல் வாழ்வதால், அதே பரப்புக்குள் அங்கு இரண்டரை இலட்சத்துக்கும் அதிகமானோர் இருப்பார்கள். ஒவ்வொரு குடும்பமும் மாதம் 1,500 ரூபா செலவிட்டாலும், 700 குடும்பங்களின் மொத்தச் செலவு பத்தரை இலட்சம் ரூபாவே. அதையும் டயலொக், எஸ்எல்ரி-மொபிட்டெல், ஹட்ச் ஆகிய மூன்று நிறுவனங்கள் பங்குபோட வேண்டும். 2024-இல் எயார்டெல் லங்கா டயலொக்குடன் இணைக்கப்பட்டதிலிருந்து எஞ்சியிருப்பவை இந்த மூன்றுதான்.

வருமானம் நூறில் ஒரு பங்காகக் குறைந்தாலும் செலவு அவ்வாறு குறைவதில்லை. உண்மையில் சில செலவுகள் கூடுகின்றன:

1. கோபுரத்தை நாட்டின் முதுகெலும்பு வலையமைப்புடன் இணைக்கும் பின்னிணைப்பு. ஏ9 வீதியோரமாக உள்ள கோபுரத்துக்கு ஒளியிழை அருகிலேயே கிடைக்கும். மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ34, பரந்தனிலிருந்து போகும் ஏ35 ஆகிய வீதிகளை விட்டு உள்ளே செல்லச் செல்ல, ஒளியிழைக்குப் பதிலாகக் கோபுரத்துக்குக் கோபுரம் தாவும் நுண்ணலை இணைப்பையே நம்ப வேண்டும். அதன் கொள்ளளவு குறைவு.

2. மின்சாரம். கிளைக்கம்பியின் கடைசியில் நிற்கும் கோபுரத்துக்கு மின்தடை அடிக்கடி நேரும். மின்கலம் சில மணிநேரம் தாங்கும்; அதன் பின்னர் டீசல். 2022-இல் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்த நாட்களில், டீசலும் கிடைக்காத நிலையில், மின்சாரத்தோடு சிக்னலும் போனதைப் பலர் மறந்திருக்கமாட்டார்கள்.

3. காடு. வானலை உயர் அதிர்வெண்ணில் செல்லச் செல்ல, இலைதழைகள் அதைக் கூடுதலாக உறிஞ்சுகின்றன. 850, 900 மெகாஹேர்ட்ஸ் போன்ற தாழ் அலைக்கற்றை தூரம் செல்லும், மரங்களையும் ஓரளவு ஊடுருவும், ஆனால் சுமக்கக்கூடிய தரவு குறைவு. 2,300 அல்லது 2,600 மெகாஹேர்ட்ஸ் அதிகம் சுமக்கும், ஆனால் பாலைக்கும் முதிரைக்கும் நடுவே சீக்கிரம் களைத்துவிடும். பல நாடுகள் ஒப்புமை (அனலொக்) தொலைக்காட்சியை நிறுத்தி, அதனால் விடுபட்ட 700 மெகாஹேர்ட்ஸ் பகுதியைக் கிராமப்புற 4ஜிக்குக் கொடுத்தன. இலங்கையில் தொலைக்காட்சி இன்னும் முழுமையாக டிஜிட்டலுக்கு மாறவில்லை. தொலைக்காட்சித் துறையின் இந்தத் தாமதத்துக்கு வன்னிக் காட்டோரக் கிராமமும் விலை கொடுக்கிறது என்பதை ஒருவரும் பேசுவதில்லை.

இவற்றுக்கு அடியில் வரலாறும் கிடக்கிறது. நாட்டின் பிற பகுதிகளில் செப்புக் கம்பித் தொலைபேசிக்காக எப்போதோ போட்ட வழிகளும் கம்பங்களும் பின்னர் ஏடிஎஸ்எல் இணைப்புக்கும் அதன்பின் ஒளியிழைக்கும் அடித்தளமாயின. கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் அந்த அடித்தளம் போருக்குள் அழிந்தது அல்லது ஒருபோதும் உருவாகவில்லை. கைத்தொலைபேசிச் சேவை பெருமளவில் வந்தது 2009-க்குப் பின்னரே. ஆகையால் இங்கு பெரும்பாலான வீடுகளுக்கு இணையம் என்றால் கைத்தொலைபேசித் தரவு மட்டும்தான். அந்த வழி அடைபட்டால் திரும்பிப் போக ஒரு பழைய கம்பியும் இல்லை.

நாலு கோடு சிக்னலும் நகராத படமும்

தொலைபேசித் திரையில் சிக்னல் நாலு கோடு காட்டும். வகுப்புக் காணொளியோ சுற்றிக்கொண்டே இருக்கும். தொலைபேசி பழுது என்று கடைக்குக் கொண்டுபோவோரும் உளர். கோடுகள் காட்டுவது கோபுரத்திலிருந்து வரும் அலையின் வலிமையை மட்டுமே. அந்தக் கோபுரத்தில் உங்களுக்கு எவ்வளவு இடம் மிச்சம் இருக்கிறது என்பதை அவை காட்டுவதில்லை. பேருந்து கண்ணுக்குத் தெரிவதற்கும் அதில் இருக்க இடம் கிடைப்பதற்கும் உள்ள வேறுபாடுதான் இது.

20 மெகாஹேர்ட்ஸ் அலைக்கற்றையில் இயங்கும், கோபுரத்திலுள்ள சாதாரண 4ஜி அலகு ஒன்றின் ஏட்டளவிலான உச்ச வேகம் விநாடிக்கு 150 மெகாபிட். ஒரே நேரத்தில் 100 பேர் பயன்படுத்தினால், ஏட்டின்படியே தலைக்கு ஒன்றரை மெகாபிட். நடைமுறையில் தூரம், மரங்கள், பின்னிணைப்பின் குறுக்கம் எல்லாம் சேர்ந்து அதையும் வெட்டிவிடும். மாலை ஆறு மணிக்குப் பின் பிள்ளைகள் வகுப்புக்கும், பெரியவர்கள் வெளிநாட்டிலுள்ள உறவினருடன் முகம் பார்த்துப் பேசவும் ஒரே கோபுரத்தில் ஏறும்போது நிகழ்வது இதுவே. ஆகவே ஓரிடத்தில் சேவை உண்டா இல்லையா என்று மட்டும் கேட்டால் போதாது. எந்த நேரத்தில் எந்த வேகம் என்று கேட்க வேண்டும்.

விலை: சராசரி என்ற திரை

ஐக்கிய நாடுகளின் அகலப்பட்டை ஆணைக்குழு 2018-இல் ஓர் இலக்கு வைத்தது: அடிப்படை அகலப்பட்டைச் சேவையின் விலை 2025-க்குள் ஒரு நாட்டின் மாதாந்தத் தலா தேசிய வருமானத்தில் 2 சதவீதத்துக்குக் கீழ் வர வேண்டும். இலங்கை போன்ற நாடுகள் இத்தகைய கணக்கில் நல்ல புள்ளி எடுத்துவிடும். நமது தரவு விலை உலகில் மலிவானவற்றுள் ஒன்று என்ற பேச்சின் வேர் இங்கேதான்.

இதை ஒரு எடுத்துக்காட்டால் சோதிப்போம். நாட்டின் தலா வருமானம் மாதம் 100,000 ரூபா என்று கொண்டால், 2 சதவீதம் 2,000 ரூபா. இப்போது மாதத்தில் 15 நாள் மட்டும், நாளுக்கு 2,000 ரூபாப்படி கூலிவேலை கிடைக்கும் ஒரு குடும்பத்தை எடுப்போம். அக்குடும்பத்தின் வருமானம் 30,000 ரூபா. அதே 2,000 ரூபா அங்கு ஏறத்தாழ 7 சதவீதம். தலா வருமானம் என்பது ஒரு தலைக்குரியது, இங்கோ அந்த 30,000 ரூபாவில் நாலு வயிறு இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் சராசரி என்ற திரையின் தடிப்பு விளங்கும். 2019-ஆம் ஆண்டின் வீட்டு வருமான, செலவின ஆய்வின்படி நாட்டின் வறுமை வீதம் 14.3 சதவீதமாக இருக்க, முல்லைத்தீவில் அது 44.5 சதவீதமாக இருந்தது. மாவட்டங்களுள் அதுவே மிக உயர்ந்தது. கொழும்பின் வருமானத்தையும் கூட்டி வகுத்த சராசரியால் முல்லைத்தீவின் விலையை அளப்பது, பெரியவரின் சட்டையைப் பிள்ளைக்குப் போட்டுவிட்டு 'அளவு சரி' என்பதற்கு ஒப்பானது.

'அடிப்படைச் சேவை' என்ற பொதியையும் அவிழ்த்துப் பார்க்க வேண்டும். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் விலைக் கணக்கில் கைத்தொலைபேசி அகலப்பட்டைக்கு மாதம் 2 ஜிபி, நிலையான இணைப்புக்கு 5 ஜிபி என்று வைத்திருக்கிறார்கள். ஒரு மணிநேரக் காணொளி வகுப்பு அரை ஜிபி முதல் ஒரு ஜிபி வரை தின்னும். ஒரு பிள்ளை பாடசாலை நாள் 20-இலும் தினம் ஒரு மணிநேரம் வகுப்பில் இருந்தால் தேவைப்படுவது 10 முதல் 20 ஜிபி. இரண்டு பிள்ளைகள் என்றால் கணக்கு இரட்டிப்பாகும், அத்துடன் தொலைபேசியும் இன்னொன்று வேண்டும். நள்ளிரவுக்குப் பின் பயன்படுத்தும் தரவை நிறுவனங்கள் மலிவாகக் கொடுப்பதுண்டு. விலைப்பட்டியலில் ஜிபி எண்ணிக்கை பெரிதாகத் தெரிவதற்கு அந்த இராத் தரவும் ஒரு காரணம். ஆனால் எந்த ஆசிரியரும் நள்ளிரவில் வகுப்பு எடுப்பதில்லை. அன்றாடக் கூலியில் வாழும் குடும்பம் மாதப் பொதியை ஒரேயடியாக வாங்காமல், கையில் காசு வரும்போது சிறிய ரீலோட்டாகப் போடுகிறது. அவ்வாறு வாங்கும் ஒரு ஜிபியின் விலை, பெரிய பொதியில் வரும் ஒரு ஜிபியைவிடக் கூட. ஏழைக்குச் சில்லறை விலை, வசதியானவருக்கு மொத்த விலை.

இதற்கு மேல் வரி. 2024 ஜனவரியிலிருந்து பெறுமதி சேர் வரி 18 சதவீதம். 2022 ஒக்டோபரிலிருந்து சமூகப் பாதுகாப்பு வரி 2.5 சதவீதம். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, 100 ரூபாத் தரவை ஏறத்தாழ 121 ரூபாவாக்குகின்றன. இணையத்தை அடிப்படைத் தேவை என்று சொல்லும் அரசே அதன்மேல் ஐந்தில் ஒரு பங்கு வரி வைத்திருப்பதில் உள்ள முரணைக் கொள்கை வகுப்போர் அறியாதவர்கள் அல்லர்; திறைசேரிக்கு எளிதில் கிடைக்கும் காசு என்பதால் கைவிட மனம் வருவதில்லை.

சட்டம் சொன்னதும் நிதியத்துக்கு நேர்ந்ததும்

1991-ஆம் ஆண்டின் 25-ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டமும், ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவை உருவாக்கிய 1996-ஆம் ஆண்டின் திருத்தமும் இத்துறையின் அத்திவாரம். நியாயமான எல்லாத் தேவைகளையும் நிறைவுசெய்யும் சேவையை உறுதிப்படுத்துவது நோக்கம் என்று சட்டம் கூறுகிறது. கிராமியச் சேவைகளையும் அதற்குள் சேர்க்கிறது. கூடவே, நடைமுறைச் சாத்தியமற்ற இடங்கள் தவிர என்று ஒரு வாசகமும் உண்டு. எது சாத்தியம், எது சாத்தியமற்றது என்பதை அளவுகோலோடு வரையறுக்காதவரை, அந்த வாசகத்துக்குள் காட்டோரக் கிராமம் எத்தனையையும் ஒளித்துவைக்கலாம்.

பணத்துக்கு 2003-இல் ஒரு வழி கண்டார்கள். வெளிநாடுகளிலிருந்து இலங்கைக்கு வரும் தொலைபேசி அழைப்புகளின் நிமிடத்துக்கு இவ்வளவு என்று தொலைத்தொடர்பு அபிவிருத்திக் கட்டணம் அறவிடப்பட்டது. பின்தங்கிய பகுதிகளில் முதலிட்ட நிறுவனங்கள் அதில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறலாம் என்பது ஏற்பாடு. கிராமங்களுக்குக் கோபுரம் அமைக்கும் 'கமட்ட சன்னிவேதனய' திட்டமும் இத்தகைய நிதியையே நம்பி எழுந்தது. இரத்தினபுரி மாவட்டத்தில் தொடங்கிய அத்திட்டத்தில் ஒரு கோபுரத்தைப் பல நிறுவனங்கள் பகிர்வது நல்ல அம்சம்.

இங்கு சற்று நின்று பார்க்க வேண்டும். வெளிநாட்டு அழைப்புகள் யாருக்கு வந்தன? ரொறொன்ரோவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் சூரிச்சிலிருந்தும் வடக்கில் இருக்கும் தாய்க்கும் அக்காவுக்கும் வந்த அழைப்புகள் அவற்றில் கணிசமானவை என்பதை வன்னியில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு நிமிடத்திலும் ஒரு பங்கு 'கிராமத் தொலைத்தொடர்பு' என்ற பெயரில் ஒதுக்கப்பட்டது. ஆனால் அந்த ஊற்று இப்போது வற்றிக்கொண்டிருக்கிறது. வட்ஸ்அப், வைபர் வந்தபின் வெளிநாட்டு உறவினர் சாதாரண அழைப்பு எடுப்பதே அரிதாகிவிட்டது. இணைய அழைப்புக்கு நிமிடக் கட்டணம் இல்லை, ஆதலால் நிதியத்துக்கு வரவும் இல்லை. அழைப்பு நின்றுவிடவில்லை, கூடியிருக்கிறது. அதைச் சுமக்கும் கோபுரத்துக்குத்தான் அதிலிருந்து எதுவும் கிடைப்பதில்லை. நிமிடங்களை எண்ணும் நிதியத்தால் ஜிபிக்களின் காலத்தை நடத்த முடியாது.

ஆணைக்குழுவின் வருமானத்தில் பெருந்தொகை ஆண்டுதோறும் திறைசேரிக்குப் போவது இரண்டாவது பிரச்சினை. அனுமதிப்பத்திரக் கட்டணம், அலைக்கற்றைக் கட்டணம் என்று இத்துறையிலிருந்து அரசு நிறையவே எடுக்கிறது. எடுத்ததில் எவ்வளவு எந்தப் பிரதேச செயலகப் பிரிவுக்குத் திரும்பியது என்று வாசகர் ஒருவர் பார்த்து அறியக்கூடிய எளிய அட்டவணை ஒன்று இருந்தால் பாதிப் பேச்சு முடிந்துவிடும்.

வானத்திலிருந்து வருமா?

2015 ஜூலையில் கூகிள் நிறுவனத்தின் லூன் திட்டத்தோடு இலங்கை உடன்பாடு செய்தது. வானில் மிதக்கும் பலூன்கள் மூலைமுடுக்கெல்லாம் இணையம் தரும், 2016-இல் நாடு முழுவதும் இணையம் என்று அறிவிப்பு வந்தது. 2016 பெப்ரவரியில் சோதனைப் பலூன் வந்தது. அலைக்கற்றை ஒதுக்கீட்டுச் சிக்கலில் திட்டம் நின்றது. 2021 ஜனவரியில் லூனையே மூடுவதாக அதன் உரிமையாளர்கள் அறிவித்தார்கள். தொழில்நுட்பத்தைவிட அனுமதியும் பணமும் முதலில் தீர வேண்டியவை என்பதற்கு அது ஓர் அடையாளம்.

ஸ்டார்லிங்க் வேறு வகை, அது இயங்குகிறது. 2024-இல் சட்டத்தைத் திருத்தி அனுமதிப்பத்திரம் கொடுத்தார்கள். அறிமுகமான வேளையில் சாதாரண வீட்டுப் பொதிக்கு மாதம் 15,000 ரூபா, கருவித் தொகுதிக்கு ஓர் இலட்சம் ரூபாவுக்கு மேல். 2025 ஏப்ரலில் நிர்ணயித்த குறைந்தபட்ச மாதச் சம்பளம் 27,000 ரூபா. ஆகவே அது வன்னி வீட்டுக்கான விடை அல்ல. ஆனால் 40 குடும்பம் உள்ள கிராமத்துப் பாடசாலைக்கோ, ஒளியிழை எட்டாத மருத்துவ நிலையத்துக்கோ, நாற்பது பேர் பகிரும் இணைப்பாக அது நியாயமான விலையே.

கொள்கை தொடக்கூடிய இடங்கள்

1. அளவுகோல். கிராம அலுவலர் பிரிவு வாரியாக, எந்த நிறுவனத்தின் சேவை, மாலை 7 மணிக்கு எந்த வேகம், மின்சாரம் நின்றபின் எத்தனை மணிநேரம் தாங்குகிறது என்பதை ஆணைக்குழு அளந்து வெளியிட வேண்டும். நிறுவனங்கள் தாமே கொடுக்கும் வரைபடத்தை நம்பிப் பணம் ஒதுக்குவது, குத்தகைக்காரரிடமே காணியை அளக்கச் சொல்வது போன்றது. மற்ற எல்லாம் இதற்குப் பின்னரே.

2. நிதியம். நிமிடக் கட்டணத்துக்குப் பதில், எல்லா நிறுவனங்களின் மொத்த வருமானத்தில் ஒரு சிறு சதவீதம். இந்தியா 2002-இல் இவ்வாறு ஒரு நிதியத்தை ஏற்படுத்தியது. 2024 முதல் அது டிஜிட்டல் பாரத் நிதி என்ற பெயரில் இயங்குகிறது. அங்கும் சேர்ந்த பணம் ஆண்டுக்கணக்கில் செலவாகாமல் கிடந்தது என்ற குற்றச்சாட்டு உண்டு. ஆகவே சேர்ப்பது மட்டும் போதாது. குறித்த கிராமங்களுக்கு யார் குறைந்த உதவிப்பணத்தில் சேவை தருவார் என்று தலைகீழ் ஏலம் விட்டு, கோபுரம் எழுந்ததற்கு ஒரு பங்கு, பின்னர் ஆண்டுதோறும் மாலை வேகம் காத்ததற்கு மீதி என்று பணத்தைப் பிரித்துக் கொடுக்கலாம். முழுத்தொகையையும் கோபுரத் திறப்பு விழாவன்றே கொடுத்துவிட்டால், அதன்பின் மின்கலம் மாற்ற யாரும் வரமாட்டார்கள்.

3. உள்நாட்டு ரோமிங். ஒரு நிறுவனத்தின் கோபுரம் மட்டுமே உள்ள கிராமத்தில், மற்ற நிறுவனங்களின் சிம் அட்டைகளும் அதில் இணைய ஒழுங்குவிதியால் வழிசெய்யலாம். அதற்கு நியாயமான மொத்தக் கட்டணத்தை ஆணைக்குழு நிர்ணயிக்க வேண்டும். கட்டணம் மிகக் குறைந்தால் அந்த முதல் நிறுவனமும் வரத் தயங்கும்.

4. கம்பமும் நிலமும். கோபுரம் ஒன்றுக்கு உள்ளூராட்சி சபை, பாதுகாப்பு அமைச்சு, சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபை என்று பல இடங்களில் அனுமதி பெற வேண்டும். காட்டு நிலம் என்றால் வனத் திணைக்களமும் சேரும். ஒளியிழைக்கு வீதியோரம் கிடங்கு வெட்டுவது முகமாலை போன்ற, கண்ணிவெடி அகற்றல் ஆண்டுக்கணக்கில் நீண்ட பகுதிகளில் இன்னும் சிக்கலானது. வெட்டாமலே செய்ய வழியுண்டு: கேரளம் 2023 ஜூனில் தொடங்கிவைத்த கேஃபோன் வலையமைப்பு, மின்சார சபையின் கம்பங்களிலேயே ஒளியிழையைக் கொண்டுபோனது, 20 இலட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்பது அதன் அறிவித்த இலக்கு. இலக்கை எட்டும் வேகம் அங்கு விவாதத்துக்குரியதாக இருந்தாலும், கம்பத்தைப் பகிரும் யோசனை நமக்கும் பொருந்தும். வன்னியில் 2009-க்குப் பின் ஊர் ஊராக நட்ட மின்கம்பங்கள் ஏற்கெனவே நிற்கின்றன.

5. நிலையான வாடிக்கையாளர்கள். பிரதேச செயலகம், கமநல சேவை நிலையம், வைத்தியசாலை, பாடசாலை ஆகிய நான்கும் தனித்தனியே சிறு இணைப்பு எடுப்பதைவிட, ஒரு பிரிவின் முழுத் தேவையையும் சேர்த்துப் பத்தாண்டு ஒப்பந்தமாகக் கேள்விப்பத்திரம் கோரினால், மேலே கணக்கிட்ட 700 குடும்பங்களின் வருமானத்தோடு உறுதியான ஒரு தொகையும் சேரும். ஒளியிழை அந்த இடம் வரை வந்துவிட்டால் அதைச் சுற்றியுள்ள வீடுகளுக்குக் கிளை இழுப்பது சிறு வேலை.

6. விலை உதவி. எல்லோருக்கும் வரி குறைத்தால் அதிகம் பயன்படுத்தும் வசதியானவரே அதிகம் பெறுவார். அரசின் அஸ்வெசும நலன்புரி உதவி பெறும் குடும்பங்களின் பெயர்ப்பட்டியல் அரசிடம் இருப்பதால், பாடசாலைப் பிள்ளை உள்ள அத்தகைய குடும்பத்துக்கு மாதம் குறித்த அளவு பகல் தரவை நேரடியாகத் தொலைபேசி இலக்கத்துக்கே ஏற்றிவிடலாம். அமெரிக்காவில் 2 கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு மாதம் 30 டொலர் வரை கழிவு கொடுத்த திட்டம் 2024-இல் பணம் தீர்ந்து நின்றுபோனது. நிரந்தர வருவாயோடு கட்டப்படாத உதவி, தேர்தலோடு வந்து வரவுசெலவுத் திட்டத்தோடு போய்விடும்.

இந்த ஆறில் முதலாவதற்குச் சட்டத் திருத்தமோ பெரும் பணமோ வேண்டியதில்லை. மாவட்டச் செயலகங்கள் ஆண்டுதோறும் வெளியிடும் புள்ளிவிபரக் கையேட்டில் ஒவ்வொரு பிரிவுக்கும் குளங்கள், கிணறுகள், மின்னிணைப்புப் பெற்ற வீடுகள் என்று நிரல்கள் இருக்கின்றன. மாலை 7 மணி இணைய வேகம் என்று இன்னொரு நிரலைச் சேர்க்கச் சொல்லி, அடுத்த மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்திலேயே கேட்கலாம்.